ரொட்டிப் பேச்சு வந்தால் எழுந்து போகும் அம்மா

ஹாபசல்மி,
ஜனவரி 23, 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு மக்கர் பண்ணுகிறது. உப்புத் தண்ணீரில் வெடித்த உன் விரல்கள் ஆறிவிட்டனவா? அம்மா கொடுத்த களிம்பைத் தடவுகிறாயா, பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறாயா?

இதை நம் சவுனாக் குளியல் குடிலின் உடைமாற்றும் அறையில் ஒளிந்து எழுதுகிறேன். நேற்றுக் குளித்த சூடு பலகையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அம்மா தூங்கிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அண்ணா, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

பள்ளிச் சாப்பாட்டு ரொட்டியில் ஆரம்பித்தது. இப்போது அது பிளாஸ்டிக் பையில் தெற்கே எங்கிருந்தோ லாரியில் வருகிறது. அதை மேசையில் தட்டினால், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று தலைமையாசிரியர் திரும்பிப் பார்க்கிறார். சமையல்கார சில்வி அக்காவிடம் முறையிட்டேன்.

"என்னை என்னடி பண்ணச் சொல்றே? ரொட்டி, பால், மீன், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே டெண்டர். எல்லாத்தையும் ஒருத்தனே தரணும். அவ்வளவு பெரிய ஆளு இந்த ஊர்ல எங்க இருக்கான்? நாப்பது ஏரி இருக்கிற ஊர்ல உட்கார்ந்து கடல் மீனைப் பொரிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அதே வாரம் வகுப்பில், ஊரில் வசிக்கிற யார் வேண்டுமானாலும் ஊராட்சி மன்றத்துக்கு யோசனை எழுதலாம், வயது கேட்க மாட்டார்கள் என்று டீச்சர் சொன்னார். நான் எழுதிவிட்டேன். சாப்பாட்டு டெண்டரை ரொட்டி, மீன், கிழங்கு என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் பழைய பால்பண்ணைக் கட்டடத்தைத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதல் வருடம் வாடகையில்லாமல் தர வேண்டும். அனுமதிக்கு மூன்று குழுக்களிடம் அலைய விடாமல் ஒரே மேசையில் முடித்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். பெயர் போடாவிட்டால் குப்பைக்குப் போகும் என்றார்கள், அதனால் பெயரும் போட்டேன்.

ரொட்டி தனியாகப் பிரிந்தால் நீ விலை குறிப்பிட்டு எழுதலாம். நீ ரொட்டி போடப் படித்தவன், நார்வே மீன் ஆலையில் மீன் அறுக்கப் படித்தவன் இல்லை. ஆனால் ஊராட்சி நிர்வாகி நம் அம்மா. அவள் மகள் யோசனை சொல்லி மகனுக்கு வேலை என்றால் ஊர் என்ன பேசும்? பக்கத்து நகரத்தோடு நம் ஊராட்சியை இணைக்க வேண்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு இது போதும். அம்மாவின் வேலைக்கே ஆபத்து.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ எப்போது ஊருக்கு வருவாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹெல்கா


வார்டோ, நார்வே,
பிப்ரவரி 9

அன்புத் தங்கை, வருங்கால நிதியமைச்சர் ஹெல்காவுக்கு,

நான் நலம். விரல்களும் நலம், பத்தும் இருக்கின்றன. அம்மாவின் முழங்காலை நான் விசாரித்ததாக முழங்காலிடம் சொல்.

உங்கள் பள்ளி மீன் இங்கிருந்துதான் வருகிறதாக இருக்கும். எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்ப உன் தங்கச்சி நம்ம வாடிக்கையாளர்டா. இனிமே முள்ளு இல்லாம அறு" என்று திட்டினார்.

விளையாட்டு போகட்டும். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடு. அப்பா போனபிறகு அம்மா அந்த நாற்காலியில் உட்கார எவ்வளவு பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது பால்பல்லோடு திரிந்தாய். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். வேலை இருக்கிறது, அறை இருக்கிறது, ஜன்னலில் கடல் தெரிகிறது. பனிமூட்டத்தில் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அறையில் கம்பளி போர்த்திக்கொண்டு எழுது.

இப்படிக்கு உன் அண்ணன்,
இல்மரி

பி.கு.: பழைய பால்பண்ணையில் மும்முனை மின்சாரம் இன்னும் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.


ஹாபசல்மி,
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். எனக்கு மூக்கு ஒழுகுகிறது, கம்பளி போர்த்தியும்.

நீ சொன்னபடி கடிதத்தைத் திரும்ப வாங்கப் போனேன். அம்மா வெளியூர் போன நாளாகப் பார்த்து ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தேன். செயலர் தைமி அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"நான் குடுத்த கடிதாசு... தப்பா குடுத்துட்டேன்."

"அதுல எழுத்துப்பிழைகூட இல்லையே, எது தப்பு?"

"எல்லாமே தப்புதான்."

"முத்திரை குத்தியாச்சும்மா. முத்திரை குத்தினப்புறம் அது உன்னோடது இல்ல, ஊரோடது. போ, காது சிவந்திருக்கு, தொப்பியைப் போடு."

அம்மாவிடம் சொல்லிவிடுவாளோ என்று கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் அம்மாவிடம் இப்போது ஒரு புதுப் பழக்கம். சாப்பிடும்போது, "இந்த ரொட்டி எந்தக் கடையில வாங்கினே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "விறகு உள்ளே எடுத்து வைக்கணும்" என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். விறகுப் பெட்டி நிறைய விறகு இருந்தது. மறுநாளும் ரொட்டிப் பேச்சு வந்தது, மறுநாளும் விறகு. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் நடக்க இடமில்லை. முழங்கால் வலிக்கு வேலை செய்தால் நல்லதென்று டாக்டர் சொல்லியிருப்பாரோ?

மும்முனை மின்சாரம் இருக்கிறதாம். எதற்குக் கேட்டாய்? எப்போது வருவாய் என்ற கேள்விக்கு நீ பதில் எழுத மறந்துவிட்டாய்.

சளியோடும் அன்போடும்,
ஹெல்கா


வார்டோ,
ஏப்ரல் 12

அன்புள்ள ஹெல்கா,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மீன் சீசன், பிறகு ஈஸ்டர், பிறகு சோம்பல். உன் சளி இந்நேரம் போயிருக்கும். போகாவிட்டால் அதற்கும் ஒரு யோசனை எழுதி மன்றத்துக்கு அனுப்பு.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறுகளில் தங்கும் விடுதி அடுப்பில் ரை தானியத்தில் கறுப்பு ரொட்டி போடுகிறேன். அந்த அடுப்பின் கதவு மூடாது, ஒரு ஆள் காலால் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். போலந்துக்காரன் ஒருவன் நிற்கிறான். முதல் துண்டு அவனுக்கு என்று ஒப்பந்தம்.

மின்சாரத்தைப் பற்றிச் சும்மாதான் கேட்டேன். பால்பண்ணைத் தரை சிமெண்டா, பலகையா? அதுவும் சும்மாதான்.

அம்மா விறகு தூக்குவதைத் தடுக்காதே. காரணம் இருக்கும்.

அன்புடன்,
இல்மரி


ஹாபசல்மி,
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம், நாய் நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றுக்குள் ஒரு அணில் ஓடுகிறது.

விஷயம் வெளியே வந்துவிட்டது. மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். மே மாதம் முப்பதாம் தேதி, கடைசிப் பொருள் என்னுடையது. கீழே நிர்வாகக் குழுவின் பரிந்துரை: 'இதன்மேல் நடவடிக்கை தேவையில்லை.' கடையில் மன்ற உறுப்பினர் புல்கினென் மாமா பால் வாங்கிக்கொண்டே, நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே, சத்தமாகச் சொன்னார்.

"நல்ல குடும்பம்பா. மக மனு போடுவா, அம்மா கையெழுத்துப் போடுவா, மகன் ரொட்டி போடுவான். நாம வாயைப் போட்டு மென்னுக்கிட்டு இருக்கணும்."

கடைக்காரி சில்லறையை அவர் கையில் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

அம்மா அந்த வாசல் வழியாகத்தான் தினமும் போகிறாள். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. திட்டினால்கூடத் தேவலை. அவள் பேசாமல் இருப்பது கோபமா, துக்கமா, கண்ணில் படவில்லையா என்று தெரியாமல் நான் தூங்குவதே இல்லை.

இன்னொரு வம்பு. எங்கள் வகுப்பு முகாமுக்குப் பணம் சேர்க்க, மன்றக் கூட்டத்தில் காபியும் ஏலக்காய் பன்னும் விற்கிறோம். அன்றைக்கு முறை என்னுடையது. என் மனு தோற்பதை நானே காபி ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். உன் பன் செய்முறையை அனுப்பு. பன்னாவது ஜெயிக்கட்டும்.

தரை சிமெண்ட். நடுவில் தண்ணீர் ஓட வழி இருக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

பயத்துடன்,
ஹெல்கா


வார்டோ,
மே 14

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆசை. குறிப்பாக அந்த அணிலின் நலம்.

செய்முறை பின்பக்கத்தில். ஏலக்காயை இடிக்க வேண்டும், அரைக்கக் கூடாது, பல்லில் தட்டுப்பட வேண்டும். மாவை இரண்டு முறை பொங்க விடு. அவசரப்பட்டால் பன் உன்னைப் போல முறைத்துக்கொண்டிருக்கும். சூடு ஆறுவதற்குள் கொடு. ஏலக்காய் வாசனைக்கு முன்னால் ஹாபசல்மி ஆட்களின் மூளை வேலை செய்யாது, அது நான் நேரில் கண்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையாகப் பதில் சொல். எனக்காக எழுதினாயா, ஊருக்காக எழுதினாயா? எனக்காக மட்டும் என்றால் புல்கினென் சொல்வது சரி, தோற்றால் அழக் கூடாது. நான் அந்த ரொட்டியைத் தொடாவிட்டாலும் அந்த மனு நல்லதுதான் என்று தோன்றினால், தலை நிமிர்ந்து காபி ஊற்று.

இப்படிக்கு,
இல்மரி


ஹாபசல்மி,
ஜூன் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம், மிகவும் சுகம். உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் உன் கேள்வி. எழுத ஆரம்பித்தபோது உனக்காக. எழுதி முடித்தபோது சில்வி அக்கா, ஏரியில் வலை போடுகிறவர்கள், என் வகுப்பில் அப்பா வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் பாதிப் பேர் என்று எல்லோரும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இது உண்மை.

கூட்டம் மாலையில். சமையலறையில் பன் அடுப்பில் இருந்தது, நான் காபிக் கெண்டியோடு கூடத்தின் ஓரத்தில் நின்றேன். தலைவர் எஸ்கெலினென் ஐயா கடைசிப் பொருளுக்கு வந்தார். என் பெயரைப் படித்தார். அப்போது அம்மா எழுந்து நின்றாள்.

"இந்த விஷயத்துல நான் சம்பந்தப்பட்டவ. மனு போட்டது என் மக, அதனால என் மகனுக்கும் பலன் இருக்கலாம். நான் வெளியே இருக்கேன்."

அம்மா கதவைத் தானே சாத்திக்கொண்டு, நடைவழியில் போட்டிருந்த பெஞ்சுக்குப் போனாள். கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அண்ணா, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கெண்டியை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். செய்ய வேறு ஒன்றும் தோன்றாமல் பன்னை அடுப்பிலிருந்து எடுத்து, தட்டோடு கூடத்துக்குள் வந்துவிட்டேன். கூட்டம் முடிந்தபிறகு வர வேண்டிய பன்.

வாசனை போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எஸ்கெலினென் ஐயா காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடியை டிராக்டர்லயே விட்டுட்டேன்" என்றார். வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பத்தி என்று காட்டுகிறவள் அம்மா, அவள் வெளியே. அவர் குழுவின் பரிந்துரையைப் படிக்காமல் என் மனுவின் கடைசிப் பத்தியைப் படித்தார். டெண்டரைப் பிரிப்பது, பால்பண்ணை, ஒரே மேசை, எல்லாவற்றையும் மன்றத்தின் தீர்மானம் போல.

"எதிர்ப்பு உண்டா?"

நம் ஆட்களை உனக்குத் தெரியும். தப்பாகப் படித்தது எல்லோருக்கும் புரிந்தது. அடுத்தவன் சொல்வான் என்று ஒவ்வொருவரும் அடுத்தவனைப் பார்த்தார்கள். அந்த அடுத்தவன் பன்னைப் பார்த்தான். புல்கினென் மாமா வாயைத் திறந்தார். நான் பயத்தில் தட்டை அவருக்கு நேராக நீட்டிவிட்டேன். அவர் ஒரு பன்னை எடுத்தார். வாய் அதற்குப் பயன்பட்டது.

தலைவரின் மரச் சுத்தியல் மேசையில் விழுந்தது, தீர்மானம் நிறைவேறியது. "ஏகமனதாக" என்று தைமி அக்கா எழுதிக்கொண்டாள், தலையைத் தூக்காமலே.

காபி குடிக்கும்போது எல்லோரும் மழை வருமா என்று பேசினார்கள். புல்கினென் மாமா மட்டும் என்னிடம் வந்து, "மீனும் தனி டெண்டராம்மா?" என்று கேட்டார். அவருடைய தம்பிதான் ஏரியில் பெரிய வலைக்காரர் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இன்று காலை எஸ்கெலினென் ஐயாவைக் கடையில் பார்த்தேன். விதைப் பொட்டலத்தின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். அவர் மகள் ஸ்டாக்ஹோமில் தட்டு கழுவுகிறாள், தெரியுமா உனக்கு?

வீட்டில் அம்மா இன்னும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மிச்சமான பன்களை அவள்தான் தின்றாள்.

அணில் போய்விட்டது.
ஹெல்கா


ஹாபசல்மி,
ஜூலை 3

அன்புள்ள மகன் இல்மரிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் பரவாயில்லை.

உன் தங்கை நாலு மாதம் பேய் பிடித்தவள் போல் திரிந்தாள். சவுனாவில் விளக்கு எரிவது என் படுக்கையறையிலிருந்து நன்றாகத் தெரியும். நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று நேற்று அழுதுகொண்டே கேட்டாள். மனு வந்த அன்றே தைமி என்னிடம் காட்டிவிட்டாள். அன்றே நான் சம்பந்தப்பட்டவள் ஆகிவிட்டேன். கோப்பைத் தைமியிடமே ஒப்படைத்தேன். அலுவலகத்தில் பேசக் கூடாத விஷயத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் எப்படிப் பேசுவது? அதனால்தான் விறகு எடுக்கப் போனேன். அவளிடம் இதைச் சொன்னேன். "அழாதேன்னாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். அதைச் சட்டம் தடுக்கவில்லை. எனக்குத் தோன்றவில்லை. அது என் தவறு.

மன்றத் தீர்மானத்தின்மேல் யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. காலக்கெடு முடிந்தது. இதற்குமேல் இதைப் பற்றி நான் உனக்கு எழுத முடியாது.

தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கம்பளிக் காலுறை. வார்டோவில் கோடையிலும் குளிரும் என்று கேள்வி. சுற்ற வேறு தாள் இல்லாததால் சென்ற வியாழக்கிழமைச் செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன். எல்லோரும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற தாள்தான்.

கைகளுக்குக் களிம்பு தடவு.

அம்மா


வார்டோ,
ஆகஸ்ட் 2

அன்புள்ள ஹெல்கா,

நலம். காலுறை பொருந்துகிறது. தாளும் பொருந்தியது, ரொட்டி டெண்டர் அறிவிப்பு அதில்தான் இருந்தது. தைமி அக்கா பெயருக்கு ஒரு உறை அனுப்பியிருக்கிறேன், விலைப்புள்ளி. எவ்வளவு என்று உனக்குச் சொல்ல மாட்டேன், நீயும் சம்பந்தப்பட்டவள்.

பால்பண்ணையின் பின்கதவு அகலம் எவ்வளவு? அளவு நாடாவை வைத்துப் பார், கண்ணால் அளக்காதே. அலைக்கழிப்பதற்குக் கேட்கவில்லை. இங்கே மூடிவிட்ட ஒரு பேக்கரியின் அடுப்பு விற்பனைக்கு இருக்கிறது. கதவு நன்றாக மூடுகிறது, போலந்துக்காரன் தேவையில்லை. பிப்ரவரியில் உன் முதல் கடிதம் வந்த மறுநாளே போய்ப் பார்த்தேன். மனுவைத் திரும்ப வாங்கு என்று உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டு, தபால் நிலையத்திலிருந்து நேராக அந்தப் பேக்கரிக்குத்தான் போனேன். விற்றுவிடாதீர்கள் என்று பேக்கரிக்காரக் கிழவரிடம் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து, எப்போது வருகிறாய் என்று நீ மட்டும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சீக்கிரம் அளந்து எழுது.

இல்மரி


ஹாபசல்மி,
ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ நலமா என்று இனிக் கேட்கப் போவதில்லை, நேரில் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சமையலறை மேசையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உறைகளைத் தைமி அக்கா எல்லோர் முன்னாலும் பிரித்தாள். அம்மா வழக்கம் போல் நடைவழிப் பெஞ்சில். மீன் புல்கினென் மாமாவின் தம்பிக்கு. அவருக்கு வலை இழுக்க ரெண்டு ஆட்கள் வேண்டுமாம். கிழங்கு ஆற்றங்கரைப் பண்ணைக்கு. வெள்ளை ரொட்டி பழையபடி தெற்கிலிருந்துதான் வரும், அவர்கள் விலை குறைவு. கறுப்பு ரொட்டியும் வெள்ளிக்கிழமைப் பன்னும் உனக்கு. தைமி அக்கா உன் பெயரைப் படித்ததும் புல்கினென் மாமா எழுந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. "அந்தப் பன்னு, கூட்டத்துக்கும் உண்டா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சில்வி அக்கா சொல்லச் சொன்னாள்: "ரொட்டியைத் தட்டினா சத்தம் வந்துச்சுன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

பின்கதவை அளந்தேன். தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர். அடுப்பு எவ்வளவு அகலம் என்று நீ எழுதவே இல்லை. நுழையாதோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன். ரொட்டி என்று சொல்லாமல், அடுப்பு என்றுதான் சொன்னேன். அப்படியும் எழுந்து நடைவழிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அலுத்துவிட்டது.

"அம்மா, இது மன்றம் இல்ல, சமையலறை. உள்ளே வாயேன், சூப் ஆறுது."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"கதவு நிலையைக் கழட்டினா இன்னும் பத்து சென்டிமீட்டர் கிடைக்கும். அண்ணனுக்கு எழுது. நான் சொன்னேன்னு எழுதாதே."

வழி பார்த்திருக்கும்,
ஹெல்கா